முதுமையில் நோயாளியைப் பராமரிப்பவரின் உடல்நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை நோயாளியைப் பற்றியவை. அவற்றை எழுதுபவர்களோ அந்த நோயாளியைப் பராமரிக்கும் கணவர், மனைவி, அறுபது வயதைத் தாண்டிய மகன், மகள், மருமகள் ஆகியோர். நோயாளியின் மாத்திரை, உணவு, படுக்கைப்புண் ஆகியவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் 'எனக்கும் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல் இருக்கிறது' என்று முடிப்பவர்கள் பலர். இந்த முறை அந்தக் கடைசி வரிகளுக்கு மட்டும் பதில் சொல்லலாம் என்று எண்ணி, அவை இடம்பெற்ற கடிதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன.

எனக்கு வயது 71. பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்த என் கணவரை மூன்று ஆண்டுகளாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் என் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. இப்போது மாத்திரையைக் கூட்டிய பிறகும் இறங்கவில்லை. 'அப்பாவுக்கு முன்னால் நீ விழுந்துவிடுவாய் அம்மா' என்கிறாள் என் மகள். ஒருவரைப் பார்த்துக்கொள்வதாலேயே உடல் கெடும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இருக்கிறதா, அல்லது இது வயதின் விளைவுதானா?

உங்கள் மகள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அம்மா. ஆனால் அவர் சொல்வது எல்லாப் பராமரிப்பாளருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்துகிறது என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன.

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இருவர் 1999இல் வெளியிட்டது. வாழ்க்கைத் துணையோடு வசித்துவந்த, 66 முதல் 96 வயது வரையிலான எண்ணூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்களை அவர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். துணையைப் பராமரித்ததோடு, அதனால் உடலிலோ மனத்திலோ தமக்குச் சிரமம் ஏற்படுவதாகவும் கூறியவர்களுக்கு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில், பராமரித்தாலும் அதைச் சிரமமாக உணரவில்லை என்று சொன்னவர்களிடம் அப்படித் தெளிவான உயர்வு எதுவும் காணப்படவில்லை. செய்தித்தாள்கள் முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது வழக்கம்.

2013இல் வெளிவந்த வேறொரு பெரிய அமெரிக்க ஆய்வு இதற்கு நேர்மாறாகத் தோன்றும் முடிவைத் தந்தது. நடுவயதினரும் முதியோரும் அடங்கிய 3,503 பராமரிப்பாளர்களை, வயதிலும் உடல்நிலையிலும் அவர்களை ஒத்திருந்த, ஆனால் யாரையும் பராமரிக்காத அதே எண்ணிக்கையிலானவர்களோடு ஆறு ஆண்டுகள் ஒப்பிட்டபோது, பராமரிப்பாளர்களின் இறப்பு அபாயம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு பெரும்பாலும் விலகிவிடும். நாளுக்குச் சில மணி நேரம், பிறரோடு பகிர்ந்துகொண்டு, தன் வாழ்க்கையையும் நடத்திக்கொண்டு ஒருவரைக் கவனிப்பவர் வேறு. இரவும் பகலும் தனியாளாக, தாமும் நோய்களோடு இருக்கும் வயதில் கவனிப்பவர் வேறு. உடலில் வலு உள்ளவர்களே இப்பொறுப்பை ஏற்கிறார்கள் என்பதும் இரண்டாவது முடிவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், இரண்டு வழிகளைச் சொல்வேன். முதலாவது, நீண்ட கால மன அழுத்தத்தின் நேரடி விளைவு. எந்த நேரத்தில் கூப்பிடுவாரோ, எப்போது விழுவாரோ என்ற விழிப்பிலேயே இருக்கும் உடலில், ஆபத்து நேரத்தில் மட்டும் கூடுதலாகச் சுரக்க வேண்டிய அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் அடங்காமல் சுரந்துகொண்டே இருக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் அதற்கேற்ப உயரும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகால்ட்-கிளேசரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் கண்ட துணையைப் பராமரித்த முதியவர்களின் இரத்தத்தில் இண்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள், மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஆறு ஆண்டுகளாக உயர்ந்துகொண்டே சென்றது. இதயநோய், சர்க்கரை நோய், எலும்பு மெலிதல், தசைத் தளர்ச்சி ஆகிய முதுமைக்கால நோய்கள் பலவற்றோடு இப்பொருளுக்குத் தொடர்பு உண்டு.

இரண்டாவது வழி தள்ளிப்போடுதல். என் அனுபவத்தில் இதுவே அதிகத் தீங்கு செய்கிறது. கணவருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பவர் தம்முடையதை மறந்துவிடுகிறார், நடைப்பயிற்சியை நிறுத்திவிடுகிறார், நின்றபடியே கிடைத்ததைச் சாப்பிடுகிறார், தமக்கு எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓராண்டு ஓட்டிவிடுகிறார். ஹார்மோன்களைப் பற்றி நம்மால் செய்யக்கூடியது குறைவு. தள்ளிப்போட்டவற்றையோ ஒரே வாரத்தில் சரிசெய்யத் தொடங்கிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. அதை நானே கேட்கிறேன். கணவரைத் தூக்கி உட்கார வைப்பதால் வரும் முதுகுவலிக்கு நீங்களாகவே வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; அழுத்தத்துக்கான சில மருந்துகளின் வேலையையும் கெடுக்கும்; முதியவர்களின் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. மாத்திரையைக் கூட்டியும் அழுத்தம் இறங்கவில்லை என்று வரும் பராமரிப்பாளர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து, ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து எழுதிவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது கணவரை அழைத்துச் செல்லாதீர்கள். அவர் உடனிருந்தால் பேச்சு முழுவதும் அவரைப் பற்றியதாகிவிடும். 'நான் முழுநேரமும் ஒருவரைப் பராமரிக்கிறேன்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்; அது மருத்துவரின் கேள்விகளையே மாற்றிவிடும்.

படுக்கையில் இருக்கும் என் மனைவிக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டோம். எனக்கு 73 வயது, நலமாகத்தான் இருக்கிறேன். நானும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்கும் தொற்றும் என்பதோடு, அவரைக் கவனிக்க அன்று ஆள் இருக்காது. மறதிநோயாளிகளின் துணைகளுக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டபோது, அவர்கள் உடலில் உண்டான எதிர்ப்புசக்தி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாக, முன்பு குறிப்பிட்ட ஒஹாயோ குழுவே 1996இல் காட்டியது. தடுப்பூசி வீண் என்று இதற்குப் பொருளில்லை. பாதுகாப்பு குறைந்தவர்கள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். காயம் ஆறுவதிலும் இதே தாமதம் தெரிந்தது. அக்குழு 1995இல், கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தபோது, மறதிநோயாளியைப் பராமரித்த பெண்களுக்கு அது ஆறச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

என் வயது 74. மறதிநோய் கண்ட என் மனைவி இரவில் மூன்று, நான்கு முறை எழுந்து கதவைத் திறக்கப் பார்க்கிறாள். நானும் அவளோடு எழுந்துவிடுகிறேன். சில மாதங்களாக எனக்கே பெயர்கள் மறக்கின்றன. அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வருகிறது. எனக்கும் அந்த நோய் வருகிறதா? தூக்க மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நீங்களாக வாங்கி எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையின் மயக்கத்தில் இருப்பவர் மனைவியின் குரல் கேட்டு நடு இரவில் திடுக்கிட்டு எழுந்து நடந்தால், இடுப்பெலும்பு முறியும் வாய்ப்புதான் அதிகம். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் தூக்கம் வரவைக்கும் சில மாத்திரைகள், முதியவர்களின் நினைவாற்றலையே கலக்கிவிடும். நீங்கள் அஞ்சும் மறதியை அந்த மாத்திரையே கொண்டுவந்துவிடக்கூடும்.

நோய் வருகிறதா என்ற கேள்வியை மறைக்காமல் பேசுவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1,200க்கும் மேற்பட்ட முதிய தம்பதியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. துணைக்கு மறதிநோய் இருந்தவர்களுக்கு, பின்னர் தமக்கும் அது வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்று அது கூறியது. இந்த எண் பலரை அச்சுறுத்தியிருக்கிறது. அதே ஆய்வில், துணைக்கு நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்த உயர்வில் மன அழுத்தத்தின் பங்கு எவ்வளவு, ஒரே வீட்டில் ஒரே விதமாக வாழ்ந்ததன் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் மனத்தில் முதலில் தோன்றுவது மறதிநோய் அல்ல, தூக்கமின்மை. துண்டு துண்டாகத் தூங்குபவரின் கவனம் சிதறும். கவனம் பதியாத செய்தி நினைவில் தங்காது. மனச்சோர்வும் இதே வேடத்தில் வரும். தம் மறதியைத் தாமே கவனித்துக் கவலைப்பட்டு மருத்துவரைத் தேடி வருபவரிடம் பெரும்பாலும் சோர்வோ பதற்றமோ இருக்கும். மறதிநோய் தொடங்கியவரின் மாற்றத்தைப் பெரும்பாலும் வீட்டிலுள்ள மற்றவர்களே முதலில் காண்பார்கள். ஆனாலும் ஊகத்தில் விட்டுவிட வேண்டாம். தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை, செவித்திறன் சோதனை, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை ஒருமுறை மறுபார்வையிடுதல், மனச்சோர்வுக்கான சிறு வினாத்தாள், நினைவாற்றல் சோதனை ஆகியவற்றைச் செய்து பாருங்கள். பயங்கரமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயையும் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் மனைவியின் இரவு. அவருக்கு மாலையில் சிறுநீர் கழிக்க வைக்கும் மாத்திரை கொடுக்கப்படுகிறதா, பகலில் மூன்று மணி நேரம் உறங்குகிறாரா, சொல்லத் தெரியாத வலியோ மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று அவருடைய மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். மாத்திரையைக் காலைக்கு மாற்றியதாலேயே இரவு அமைதியான வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கதவு திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றைப் பொருத்தினால், பாதிக் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்க வேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, வாரத்தில் ஓரிரு இரவுகளாவது மகனோ உறவினரோ கூலிக்கு வரும் உதவியாளரோ அவர் அறையில் படுத்துக்கொள்ள, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் போதும் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். இரவெல்லாம் கண்விழிப்பவருக்கு வேண்டியது இரவு ஓய்வு.

91 வயதான என் தாயாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் நான்தான் தூக்கி மாற்றுகிறேன். எனக்கு 67 வயது. போன வாரம் தூக்கும்போது முதுகில் 'சுரீர்' என்று வலித்தது, இன்னும் குறையவில்லை. தைலம் தடவிக்கொண்டு சமாளிக்கலாமா?

கூடாது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்ணுக்கு, பாரம் தூக்கும்போது திடீரென வந்து ஒரு வாரமாகியும் குறையாத முதுகுவலி, தசைப்பிடிப்பாக இருக்கலாம். மெலிந்துபோன முதுகெலும்பு அமுங்கி உடைந்ததாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையையும் கேளுங்கள். காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை, மறைவிடத்தைச் சுற்றி உணர்வு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிவயிற்றின் ஓரத்தில் புடைப்பு, தும்மும்போது சிறுநீர்க் கசிவு, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு இவையும் பாரம் தூக்குபவர்களுக்கு வருபவைதாம். சொல்ல வெட்கப்பட்டுப் பல ஆண்டுகள் மறைத்து வைக்கிறார்கள்.

ஒரு மனிதரால் ஒரு நோயாளியை எவ்வளவு பாதுகாப்பாகத் தூக்க முடியும் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் பரிந்துரைத்த வரம்பு, ஏறக்குறைய 16 கிலோ. அதுவும் பயிற்சி பெற்ற செவிலியருக்கு, நோயாளி ஒத்துழைத்து, திடீரென அசையாமல் இருக்கும் நிலைமைக்குச் சொல்லப்பட்டது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு காலே பத்து கிலோவுக்கு மேல் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே உங்கள் தாயாரை எப்படித் தூக்குவது என்று நான் சொல்லப் போவதில்லை. தூக்காமல் எப்படி நகர்த்துவது என்று ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு அழைத்து ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

அதுவரை சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். அது உங்கள் முதுகையும் அவர் தோள்மூட்டையும் ஒருசேரக் கெடுக்கும். உட்கார்ந்திருப்பவரை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றச் செய்து, மூக்கு கால்விரல்களுக்கு மேல் வரும் அளவுக்கு முன்னால் குனியச் சொல்லுங்கள்; பாதி எடை தானாகவே எழும்பும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள் தைத்த இடுப்புப் பட்டை கிடைக்கிறது. அது இருந்தால் ஆடையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. கட்டிலின் உயரத்தை உங்கள் இடுப்பளவுக்கு ஏற்றினால், உடை மாற்றும்போதும் துடைக்கும்போதும் குனிவது குறையும். கழிவறைக்குப் பதிலாகக் கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி போட்டால் ஒரு நாளின் பாதி இடமாற்றங்கள் மிச்சமாகும். அவர் விழத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க முயலாமல், தலையைக் காத்தபடி மெதுவாகத் தரையில் சரியவிடுங்கள். இது கல்நெஞ்சான அறிவுரையாகத் தோன்றலாம். தாங்கிப் பிடிக்கப்போய் இருவரும் விழுந்து, மகளுக்கும் எலும்பு முறிந்த குடும்பங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எங்கள் இருவருடைய மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன். நேற்று அவருடைய சர்க்கரை மாத்திரையை நான் விழுங்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இனி எப்படித் தவிர்ப்பது?

இந்த முறை தப்பினீர்கள். சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சில சர்க்கரை மாத்திரைகள் பல மணி நேரம் கழித்தும் ஆபத்தான அளவுக்குச் சர்க்கரையைக் குறைத்துவிடும். மறுமுறை இப்படி நேர்ந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். வேறு வேறு நிறத்தில், நாளும் வேளையும் குறித்த இரண்டு மாத்திரைப் பெட்டிகளை வாங்கி, வேறு வேறு அறைகளில் வையுங்கள். வாரம் ஒருமுறை, அவசரமில்லாத நேரத்தில், இன்னொருவரை அருகில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். உங்கள் மாத்திரையை முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு அவருக்குக் கொடுங்கள்.

நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். 76 வயதான என் தந்தை, படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரைத் தனியாகக் கவனிக்கிறார். ஆள் வைக்கிறேன் என்றால் 'என்னால் முடியும்' என்று கோபப்படுகிறார். அவர் தாங்குகிறாரா, தளர்கிறாரா என்று தொலைவிலிருந்து எப்படி அறிவது?

தொலைபேசியில் அறிய முடியாது. 'எப்படி இருக்கிறீர்கள் அப்பா' என்றால் 'நன்றாக இருக்கிறேன்' என்பார். அவர் தலைமுறை ஆண்கள் பெரும்பாலும் அப்படித்தான். நேரில் போய் இரண்டு நாள் இருந்து, கேட்காமல் பாருங்கள். சட்டை தொளதொளத்திருக்கிறதா, அவர் தம் மருந்துச் சீட்டைப் புதுப்பித்தாரா, கைகால்களில் எப்படி வந்ததென்று அவரால் சொல்ல முடியாத காயங்கள் இருக்கின்றனவா, தினமும் பேசும் நண்பரோடு பேசுவதை நிறுத்திவிட்டாரா, சிறிய விஷயத்துக்கு எரிந்து விழுகிறாரா, மது புதிதாகவோ கூடுதலாகவோ நுழைந்திருக்கிறதா என்பவை எல்லாம் வாய்ச்சொல்லைவிட நம்பகமானவை.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாத்தாளும் இருக்கிறது. ஸ்டீவன் ஜாரிட்டும் அவருடைய சகாக்களும் 1980இல் 29 கேள்விகளோடு வெளியிட்ட அது, இன்று 22 கேள்விகளாகப் பரவலாக வழங்குகிறது. தமக்கென்று நேரமில்லை என்று தோன்றுகிறதா, உடல்நலம் கெட்டதாக உணர்கிறாரா, இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாரா என்ற வகையான ஒவ்வொரு கேள்விக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 88. அதை நோயைக் கண்டறியும் சோதனையாக நினைக்க வேண்டாம். ஆறு மாத இடைவெளியில் இருமுறை நிரப்பினால், பாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். 'உங்களால் முடியவில்லை' என்று மகன் சொன்னால் கேட்காத தந்தை, தம் கையால் குறித்த எண்ணைப் பார்த்துச் சற்று யோசிப்பதுண்டு.

ஆள் வைப்பதில் அவசரப்படாதீர்கள். மனைவியின் உடலை இன்னொருவர் தொடுவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். தம் இடம் பறிபோவதாக நினைக்கலாம். நோயாளியைத் தொடாத வேலைகளிலிருந்து தொடங்குங்கள். மருந்து வாங்குதல், கட்டணங்கள், காப்பீட்டுத் தாள்கள், மருத்துவர் சந்திப்புக்கு நேரம் வாங்குதல் ஆகியவற்றை வெளியூரிலிருந்தே நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியும். 'ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள் அப்பா' என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள்; கேட்கும் பாரத்தையும் அவர் தலையிலேயே அது வைக்கிறது. 'மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், நீங்கள் கண் மருத்துவரிடம் போய் வாருங்கள்' என்று நாளும் வேலையும் குறித்துச் சொல்லுங்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மனின் குழு மறதிநோயாளிகளின் துணைகளான 406 பேரிடம் நடத்திய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். பராமரிப்பவருக்குத் தனியாக இரண்டு அமர்வுகள், குடும்பத்தினர் அனைவரையும் சேர்த்து நான்கு அமர்வுகள், அதன்பின் வேண்டும்போது தொலைபேசியில் ஆலோசனை என்று உதவி பெற்ற குடும்பங்களில், நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது. ஆறில் நான்கு அமர்வுகள் குடும்பத்துக்கு என்பதைக் கவனியுங்கள். தந்தையைத் திருத்த நினைக்கும் மகன்கள் முதலில் அக்கா தங்கைகளோடும் அண்ணன் தம்பிகளோடும் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது.

எழுதவே கை கூசுகிறது. என் கணவர் ஒரே கேள்வியை நாள் முழுவதும் கேட்கிறார். குளிக்க வைக்கும்போது அடிக்கிறார். சென்ற மாதம் நானும் அவரைத் திருப்பி அடித்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. சில நேரம் இருவரும் ஒன்றாகப் போய்ச்சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது. எனக்கு 69 வயது.

அம்மா, கடைசியாக எழுதியிருப்பதற்கு முதலில் வருகிறேன். 'ஒன்றாகப் போய்ச்சேர்ந்துவிடலாம்' என்ற எண்ணம் மருத்துவ உதவி உடனே தேவைப்படும் அறிகுறி. இதைப் படிக்கும் இன்றே, நம்பிக்கையான ஒருவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். இன்றோ நாளையோ அவர் துணையோடு மருத்துவரைப் பாருங்கள். எப்படிச் செய்வது என்ற அளவுக்கு எண்ணம் போனால் ஒரு நிமிடமும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் அடித்தது சரியென்று சொல்ல மாட்டேன். அவர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாதவர். அதனால்தான் இதை ஒழுக்கக் குறைவாக நினைத்து உள்ளே புதைக்காமல், விபத்துக்கு முன் எரியும் சிவப்பு விளக்காக எடுத்துக்கொண்டு ஏற்பாடுகளை மாற்ற வேண்டும். கோபம் ஏறும்போது அவர் விழாதபடி உட்காரவோ படுக்கவோ வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அவர் தனியாகக் கூவினால் கெடுதல் ஒன்றுமில்லை. கூப்பிட ஒரே ஒரு எண்ணை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். குளியலைத் தினமும் நடத்த வேண்டியதில்லை. பல நாட்கள் ஈரத்துணியால் துடைப்பதே போதும். குளியல் நாளுக்கு இன்னொருவர் உதவி கட்டாயம். அவருடைய மூர்க்கம் திடீரெனக் கூடியிருந்தால் தொற்று, வலி, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கக்கூடும். அவை சரியானால் அடியும் குறையும்.

உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுபத்தொன்பது வயதில் அதற்குச் சிகிச்சை பலிக்காது என்பது பொய். மருந்தும் பலிக்கும், பேச்சு வழிச் சிகிச்சையும் பலிக்கும். லண்டனில், மறதிநோயாளிகளின் குடும்பத்தினருக்கு எட்டு அமர்வுகளில், நோயாளியின் நடத்தையைக் கையாள்வதையும் தம் மனத்தைத் தளர்த்திக்கொள்வதையும் கற்பித்த ஒரு திட்டம் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைத்ததாக 2013இல் காட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பயன் நீடித்தது. உலக சுகாதார நிறுவனமும் 'ஐசப்போர்ட்' என்ற பெயரில் இத்தகைய பாடங்களை வெளியிட்டிருக்கிறது. அவை பின்னர் உதவும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்து ஆண்டுகள் நோயோடு கிடந்த என் மனைவி மூன்று மாதங்களுக்கு முன் இறந்துவிட்டாள். அன்று எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி. அதை நினைத்து வெட்கப்படுகிறேன். இன்னும் இரவு இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறேன்; பசியில்லை. அவளுக்காகத் தள்ளிப்போட்ட கண்புரை அறுவை சிகிச்சையை இனிச் செய்துகொள்வதால் என்ன பயன்? வயது 77.

மறதிநோயாளியைப் பராமரித்து இழந்த 217 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், 72 சதவீதம் பேர் அந்த மரணம் தமக்கு நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார்கள். இறந்தவருக்கும் அது விடுதலை என்று தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கருதினார்கள். அவர்கள் துணையை நேசிக்காதவர்கள் இல்லை. நீங்கள் சுமந்த பாரமும், அவர் பட்ட வேதனையும் ஒரே நாளில் நின்றன. உடல் அதை நிம்மதியாக உணர்ந்தது. அந்த ஆய்விலேயே, ஓராண்டுக்குள் பெரும்பாலோரின் மனச்சோர்வு பராமரித்த காலத்தில் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது.

இரண்டு மணிக்கு விழிப்பது ஐந்தாண்டுப் பழக்கத்தின் மிச்சம், மெல்ல மாறும். எழுந்தால் படுக்கையில் புரளாமல் சற்று உட்கார்ந்துவிட்டுத் தூக்கம் வந்ததும் படுங்கள். காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெயிலில் நடந்து வாருங்கள். பசியின்மையை மட்டும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். துணையை இழந்த முதல் மாதங்களில் முதியவர்களின் நோயும் இறப்பும் கூடுகின்றன என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. எடையைப் பாருங்கள், மூன்று மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் முழுப் பரிசோதனை தேவை. நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் மனவேதனை என்று ஒதுக்காமல் உடனே காட்டுங்கள். ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துக்கம் சற்றும் குறையாமல் அன்றாட வாழ்வை முடக்கினால், அதற்கென்றே தனிச் சிகிச்சை உண்டு.

கண்புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வை மங்கியவர் படிக்கட்டில் விழுவார், மருந்துச் சீட்டைத் தவறாகப் படிப்பார், வெளியே போவதைக் குறைத்துக்கொள்வார்; இம்மூன்றும் தனியாக வாழத் தொடங்கும் உங்களுக்கு ஆகாதவை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டுவிட ஒருவர் வேண்டும். தேதி வாங்குவதற்கு முன்பே அவர் யார் என்று பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.